கடைசிப் பதினாறு பக்கம்

அப்துல் ஹக்கீமுக்கு ஐம்பத்து நாலு வயது. அதில் முப்பது வருஷத்தை ஆட்களைக் கொன்றே கழித்திருந்தார். விஷம் வைத்து, கழுத்தை நெரித்து, ஓடுகிற ரயிலிலிருந்து தள்ளி, மொட்டை மாடியிலிருந்து உருட்டிவிட்டு என்று நூற்று நாற்பத்திரண்டு மாத நாவல்கள். அத்தனை கொலையையும் கண்டுபிடித்தவன் ஒரே ஆள்தான், மெட்ராஸில் கோட்டுப் போட்டுக்கொண்டு திரிகிற டிடெக்டிவ் ஜெயசீலன். சிவகாசி வெயிலில் பனியன் நனைய உட்கார்ந்துகொண்டு கோட்டுப் போட்டவனைப் பற்றி எழுதுவது எப்பேர்ப்பட்ட சள்ளை என்று ஹக்கீமைக் கேட்டால் தெரியும். ஜெயசீலன் எப்போது துப்பாக்கியைத் தூக்குவான், எப்போது சிகரெட்டைப் பற்றவைப்பான் என்பதெல்லாம் அவர் கைக்கே மனப்பாடம். சில நாவல்களை எழுதி முடித்ததும் செத்தது யார் என்பதே அவருக்கு மறந்துவிடும்.

எழுத்து சோறு போடுமா? பகலில் அவர் நவநீதகிருஷ்ணன் அச்சாபீசில் புரூஃப் பார்ப்பவர். வெடி லேபிள், தினக் காலண்டர், கல்யாணப் பத்திரிகை, மாத நாவல் எல்லாம் அந்த ஒரே கூரைக்குக் கீழே அச்சாகும். ஒரு வருஷம் காலண்டரில் தீபாவளித் தேதி மாறிப்போய், அனுப்பின லோடு முழுக்கத் திரும்பி வந்து, முதலாளியின் மானம் கப்பலேறியது. அன்றிலிருந்து அங்கே ஒரு சட்டம். ஹக்கீம் பாய் சிவப்பு மையில் கையெழுத்துப் போடாத தாள் மிஷினில் ஏறாது. முதலாளியே வந்து நின்று கத்தினாலும் மிஷின்மேன் அசையமாட்டார். உலகத்தில் ஹக்கீமுக்கு இருந்த அதிகாரம் அது ஒன்றுதான்.

அந்தச் சிவப்புப் பேனாவால்தான் அவர் ‘வேன் அய்யம்மாள்’ தொடரின் பதினோரு புத்தகங்களையும் திருத்தினார். திருத்தித் திருத்தியே வயிறெரிந்தார்.

அட, அது என்ன தொடர் தெரியுமா? சிவகாசியைச் சுற்றியிருக்கிற ஊர்களில் விடிந்ததும் பட்டாசுக் கம்பெனி வேன்கள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். அதில் ஒரு வேனில் கதவோரச் சீட்டில் உட்கார்ந்து பேர் கூப்பிடுகிறவள் அய்யம்மாள். அவளிடம் துப்பாக்கி கிடையாது, கோட்டு கிடையாது, மஞ்சள் தேய்த்த முகமும் ஒரு தூக்குவாளியும்தான். ஒவ்வொரு கதையும் ஒரு காலி சீட்டில் ஆரம்பிக்கும். ‘இன்னிக்கு யாரு வரல?’ என்று அய்யம்மாள் கேட்பாள். அவ்வளவுதான், வராதவள் ஏன் வரவில்லை என்று தேடப் போவாள், தொண்ணூற்றாறு பக்கத்துக்குள் ஊரின் ஒரு மர்மம் உடைந்து வெளியே வந்துவிடும். கடைசி வரி எப்போதும் ஒன்றே: ‘வேன் நாளைக்கும் வரும்.’

தொலைக்காட்சித் தொடர்கள் வந்து மாத நாவல்களை முழுங்கிக்கொண்டிருந்த காலத்தில் இந்த ஒன்று மட்டும் பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கிய அன்றே தீர்ந்தது. மெட்ராஸ் எழுத்தாளர்களே அச்சாபீசுக்குப் போன் போட்டார்கள். ‘யோவ், இந்தக் காலி சீட்டு எனக்குத் தோணாமப் போச்சேய்யா’ என்று ஒருவர் ஹக்கீமிடமே புலம்பினார். ஹக்கீம் வீட்டு வாசலில் தினமும் ஆரனடித்துவிட்டுப் போகிற வேன். முப்பது வருஷமாக அது அவர் கண்ணில் படவில்லை.

எழுதியவர் பேர் ‘பத்திரகாளி’. ஊர் அம்மன் பேர், ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்க முடியாது. பிழையாக அச்சாகிக் கழித்த வெடி லேபிள் தாள்களின் பின்பக்கத்தில், பென்சிலில், நெருக்கி நெருக்கி எழுதிய கைப்பிரதி வரும். கொண்டுவருபவர் கண்ணுச்சாமி, ஒரு கம்பெனி வேனின் டிரைவர். ஆட்களை இறக்கிவிட்டு அச்சாபீசுக்கு லேபிள் எடுக்க வருவார், கைப்பிரதியை மேஜையில் வைப்பார், யார் என்று கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

இரண்டாயிரத்து ஐந்து புரட்டாசியில் பன்னிரண்டாவது கைப்பிரதி வந்தது. தீபாவளிச் சிறப்பிதழ் என்று அட்டை முன்பே அச்சாகிவிட்டது. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், ஆறு ஃபாரம் ஒரு நாவல். நாலு ஃபாரம் மிஷினில் ஓடி முடிந்த பிறகுதான் ஹக்கீம் கடைசிவரை புரூஃப் பார்த்தார். ஐந்தாவது ஃபாரத்தின் அடியில், எண்பதாம் பக்கத்தில் கதை பாதியில் நின்றது. கைப்பிரதியின் கடைசித் தாளைத் திருப்பினார், லேபிளில் ஒரு குருவி படம்தான் இருந்தது. வழக்கமான ‘வேன் நாளைக்கும் வரும்’ இல்லை. பதினாறு பக்கம் எங்கேயோ விழுந்துவிட்டது என்று அவரே போய் முதலாளியிடம் சொன்னார்.

நவநீதகிருஷ்ணன் நல்ல மனிதர்தான், சீசன் நேரத்தில் மட்டும் மனிதராக இருக்கமாட்டார். கண்ணுச்சாமியைக் கூப்பிட்டுக் கேட்டார். ‘குடுத்ததக் குடுத்துட்டேன் மொதலாளி, எங்கிட்ட ஒரு தாளும் தங்கல’ என்று அவர் கையை விரித்துவிட்டார்.

“பாய், நீங்களே முடிச்சுருங்க. திங்கக்கிழமை மத்தியானம் மிஷின் ஏறணும்” என்றார் முதலாளி.

“நானா?”

“பெறகு மிஷின்மேனா எழுதுவாரு? நூத்துச் சொச்சம் கொலை செஞ்ச ஆளு நீங்க. நல்லா வந்துச்சுன்னு வைங்க, அடுத்த மாசத்துலருந்து அய்யம்மா ஒங்களுக்குத்தான். பத்திரகாளிங்குற பேர யாரு வந்து கேக்கப் போறாக?”

எட்டு வருஷமாக ஹக்கீம் எதை நினைத்துப் பெருமூச்சு விட்டாரோ, அதைத் தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். ஜெயசீலனுக்குத் தலைமுழுகிவிடலாம். வேண்டாம் என்று சொல்ல அவர் என்ன அவுலியாவா, மகானா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கைப்பிரதியை விரித்துவைத்து உட்கார்ந்தார். இந்தத் தடவை காலியாக இருந்தது அய்யம்மாளின் சீட்டே. பக்கத்துச் சீட்டு அனுப்பிரியா என்கிற பிள்ளை அவளைத் தேடுகிறது. தேடத் தேடத் தடயங்கள். போன வாரம் அய்யம்மாள் இருக்கன்குடிக்குப் போய் பழைய நேர்த்திக்கடனையெல்லாம் செலுத்திவிட்டு வந்திருக்கிறாள். தூக்குவாளியை ஒருத்திக்குக் கொடுத்துவிட்டாள். எந்த ஊரில் யார் பேரை முதலில் கூப்பிடுவது என்று அனுப்பிரியாவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். கடைசியில் அந்தப் பிள்ளை அய்யம்மாள் வீட்டுக்கே போகிறது. வாசலில் செருப்பு கழுவிக் காயவைத்திருக்கிறது. கதவு உள்ளே தாழ். தட்டலாமா என்று கையைத் தூக்குகிறது, வேன் ஆரன் கேட்கிறது, தட்டாமல் ஓடி வந்து ஏறிக்கொள்கிறது. பேர் கூப்பிடுகிறது. அய்யம்மாள் பேர் வரும் இடத்தில் அதை விட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போகிறது. அங்கே கதை நின்றுவிட்டது.

முப்பது வருஷ அனுபவம் சும்மாவா? ஹக்கீமுக்கு உடனே பிடிபட்டது. சாவு வரப்போவது தெரிந்தவள்தான் நேர்த்திக்கடனை முடிப்பாள், சாமானை எடுத்துக் கொடுப்பாள். கதவை உடைத்தார். உள்ளே அய்யம்மாளைப் பிணமாகக் கிடத்தினார். கம்பெனி ஃபோர்மேனைக் கொலைகாரன் ஆக்கினார். அய்யம்மாள் செத்தால் தொடர் என்னாவது? அதற்கும் வழி வைத்தார்: கடைசி அரைப் பக்கத்தில், செத்தது அவள் தங்கை, அய்யம்மாள் ஒளிந்திருக்கிறாள் என்று ஒரு திருப்பம். ‘வேன் நாளைக்கும் வரும்’ என்று எழுதி அடிக்கோடு இழுத்தார். பதினாறு பக்கம், மதியச் சோற்றுக்குள் முடிந்தது. வெகு காலத்துக்குப் பிறகு எழுதிய கை வலித்தது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் அதை மனைவி பல்கீஸ் எடுத்து வாசித்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் புருஷனுடைய நாவலில் இரண்டுதான் வாசித்திருக்கிறாள். இரண்டாவதைப் பாதியில் வைத்துவிட்டு, ‘இந்தக் கோட்டுக்காரனுக்கு வீடு வாசல் இல்லியா?’ என்று கேட்டவள். ஆனால் அய்யம்மாள் புத்தகம் பதினொன்றும் அலமாரியில் அவள் புடவைக்கு அடியில் இருந்தது. லேபிள் தாள்களை வாசித்தாள், புருஷன் எழுதியதையும் வாசித்தாள். வாசித்துவிட்டு எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

“எப்படி இருக்கு?” என்றார் ஹக்கீம், அடக்க முடியாமல்.

“இத ஏன் எழுதுனீக?”

“ஏன்னா? கதை முடியலல்ல?”

“யா அல்லா! முடிஞ்சுதான இருக்கு.” பல்கீஸ் லேபிள் தாளை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். “உள்ளாற தாழ்ப்பா போட்டுருக்குன்னு எழுதியிருக்குல்ல. போட்டது யாரு? அய்யம்மாதான். செருப்பக் கழுவிக் காயவச்சுட்டு எவளாச்சும் சாவப் போவாளா? இனி வெடிமருந்துக் கம்பெனிப் பக்கம் போகவேணாம்னு கழுவி வச்சிருக்கா. அந்தப் பொம்பள தூங்குறா, அம்புட்டுத்தான். வேலைய விட்டுட்டு நிம்மதியாத் தூங்குறா.”

“இது மர்ம நாவல்டி.”

“ஆமா, அதான் அந்தப் பிள்ளைக்கு மர்மம் தெரிஞ்சு போச்சு. கதவத் தட்டல. பேரைக் கூப்பிடல. ஒங்களுக்குத்தான் தெரியல. பதினாறு பக்கம் கொறையுதேன்னு பதறிட்டீக. அவ ஒங்க மிஷினுக்கு ஏத்த மாதிரியா தூங்கணும்?”

ஹக்கீம் டீயைக் குடிக்கவில்லை. அதே தடயங்களைத் திரும்ப ஒருமுறை அடுக்கிப் பார்த்தார். நேர்த்திக்கடன், தூக்குவாளி, சொல்லிக்கொடுத்த பேர் வரிசை, கழுவிய செருப்பு. எல்லாம் கணக்காக உட்கார்ந்தது. ஒரு குற்றமும் இல்லாத மர்மம். அவருக்கு வயிறு எரிந்த எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதை நாம் எழுதியிருக்கக் கூடாதா என்றுதான் அப்போதும் தோன்றியது, பாவி மனசுக்கு.

ஆனாலும் ஒரு நப்பாசை. பல்கீஸ் சொல்வது தப்பாக இருந்தால்? பதினாறு பக்கம் நிஜமாகவே விழுந்திருந்தால்? மறுநாள் காலை கண்ணுச்சாமி லேபிள் எடுக்க வந்தபோது ஹக்கீம் அவரை மடக்கினார்.

“பத்திரகாளி யாருப்பா?”

“விடுங்க பாய். சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“சரி, சொல்லவேணாம். ஒன் வேன்ல இன்னிக்கு யாரு வரல?”

“யாரு வரல… விஸ்வநத்தம் இருளம்மாதான். பத்து நாளாச்சு, கணக்க முடிச்சுக்கிட்டு நின்னு—” கண்ணுச்சாமி நாக்கைக் கடித்துக்கொண்டார். “அடப்பாவி பாய்!”

முப்பது வருஷத்தில் ஹக்கீம் நிஜமாகத் துப்பறிந்தது அந்த ஒரே தடவைதான். அதுவும் கடன் வாங்கின கேள்வி.

விஸ்வநத்தத்துக்கு டவுன் பஸ்ஸில் போய் இறங்கும்போது மணி ஒன்பதரை. ஓட்டு வீடு. வாசலில் கழுவிக் கவிழ்த்த ரப்பர் செருப்பு. உள்ளே தாழ். ஹக்கீம் கையைத் தூக்கினார், பிறகு இறக்கிவிட்டு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். அரை மணி கழித்துத்தான் கதவு திறந்தது. ஐம்பதை ஒட்டிய பெண், கொண்டையை முடிந்தபடி, தூக்கம் கலையாத முகம். அச்சாபீஸ் பாய் என்றதும் சிரித்தாள்.

“வாங்கண்ணே. உக்காருங்க. நீங்கதான் சந்திப்பிழையெல்லாம் செவப்புல சுழிக்கிறவுகளா?”

ஹக்கீம் சுற்றி வளைக்கவில்லை. “கடைசிப் பதினாறு பக்கம் இருக்கா தாயி?”

“இல்லண்ணே. முடிஞ்சுதான் குடுத்தேன்.”

இருளம்மாள் நிலைப்படியில் உட்கார்ந்தாள். விரல் நகத்தைச் சுற்றி அலுமினியத் தூளின் சாம்பல் நிறம் இன்னும் போகவில்லை, அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “இருவத்தஞ்சு வருசம் வேன்ல போயிருக்கேன். ஒரு சீட்டு காலியா இருந்தா எனக்கு அன்னிக்கு வேலையே ஓடாது. காச்சல்னு சொல்லுவாக, சொந்தக்காரக வீட்டுக்குப் போயிருக்குன்னு சொல்லுவாக. சில சீட்டு ஏன் காலின்னு கடைசி வரைக்கும் ஒருத்தரும் சொல்லமாட்டாக. கேக்கவும் கூடாது. வீட்டுக்கு வந்தா தூக்கம் வராது. கதையிலயாச்சும் கண்டுபிடிச்சு வச்சுருவோம்னுதான் எழுதுனேன். எட்டு வருசமாச்சு. இப்ப மகன் திருப்பூருல நல்லா இருக்கான், போதும்மா நீ ஒழச்சதுன்னுட்டான். ஓஞ்சு போயிட்டேண்ணே. வேன் ஆரன் கேட்டாலும் எந்திரிக்காமப் படுத்துக் கெடக்குறது எம்புட்டுச் சொகமா இருக்கு தெரியுமா? நான் மட்டும் தூங்கி, அய்யம்மா மட்டும் வேன்ல போனா நல்லாவா இருக்கு?”

ஹக்கீம் முதலாளி சொன்னதை மறைக்காமல் சொன்னார். தொடர் தனக்கு வருவதையும் சொன்னார். தான் பதினாறு பக்கம் எழுதி வைத்திருப்பதையும் ஒப்புக்கொண்டார்.

இருளம்மாள் கோபப்படவில்லை. “நீங்களே எழுதுங்கண்ணே. பேரு அம்மன் பேரு, ஆரு வேணா வச்சுக்கலாம்” என்றாள். “ஒண்ணுதான். எழுதணும்னா மொதல்ல அவள எழுப்பணும். அந்தக் கதவத் தட்டி, எந்திரிடின்னு சொல்லி, மறுபடி வேன்ல ஏத்திவிடணும். எனக்கு மனசு வரல. ஒங்களுக்கு வந்துச்சுன்னா எழுதுங்க.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஹக்கீம் மனசுக்குள் அந்தக் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பொய் சொல்வானேன், ரொம்ப ஆசையாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் தூக்கம் கலையாத அந்த முகம் வந்து நின்றது. தானும் எத்தனை வருஷமாக எழுந்து எழுந்து ஓடிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல வலித்தது.

அச்சாபீசில் நவநீதகிருஷ்ணன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“எங்க போனீக பாய்? மிஷின் சும்மா நிக்குது. பதினாறு பக்கம் எங்க?”

“பதினாறு பக்கம் கெடையாது மொதலாளி. கதை எம்பதுலயே முடிஞ்சுருச்சு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்.”

“என்னது? அப்ப ஆறாவது ஃபாரத்துல என்னத்தப் போட? வெள்ளத் தாளா விடச் சொல்லுதீகளா?”

“தீபாவளிக்கு வெடிக் கம்பெனிக்காரக விளம்பரம் எடமில்லன்னு திருப்பி அனுப்புனீகள்ல. அதப் போடுங்க.”

விளம்பரக் காசு முதலாளிக்குக் கசக்கவில்லை. “சரி, ஒழியட்டும். அந்த வரிய மட்டும் கடைசியில சேத்துருங்க. நாளைக்கும் வரும்னு. அடுத்த மாசம் நீங்க எழுதணும்ல” என்று சொல்லிக்கொண்டே விளம்பரக்காரர்களுக்கு டெலிபோன் போட ஓடினார்.

ஹக்கீம் மேஜையில் உட்கார்ந்து எண்பதாம் பக்கத்துப் புரூஃபை எடுத்துவைத்தார். அனுப்பிரியா பேரை விட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போகிற வரி. அதற்குக் கீழே நாலு விரல் வெற்றிடம். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார், கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு அந்த வெற்றிடத்தின் நடுவில் ‘முற்றும்’ என்று எழுதினார். ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, அதை டைப் செய்யக் கொடுத்து, பிளேட்டு போட்டு மிஷினில் ஏறுகிறவரைக்கும் பக்கத்திலேயே நின்றார்.

புத்தகம் வந்த பிறகு நவநீதகிருஷ்ணன் மூன்று நாள் கத்தினார். முற்றும் என்று போட்டதை இனி எவன் வந்து தொடங்குவது, நீங்களே ஒங்க தலையில மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டீகளே பாய் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். கடைசிப் பக்கங்கள் விடுபட்டிருப்பதாகச் சில ஏஜெண்டுகள் புத்தகக் கட்டுகளைத் திருப்பி அனுப்பினார்கள். புலம்பிய அந்த மெட்ராஸ் எழுத்தாளர் மட்டும் போன் போட்டு, ‘தூங்கட்டும்யா’ என்று சொல்லி வைத்துவிட்டார். ஹக்கீமுக்கு அடுத்த மாதம் பழையபடி ஜெயசீலன்தான். அந்தக் கோட்டை நினைத்தாலே அவருக்குக் கழுத்து கசகசத்தது.

புத்தகத்தில் ஒன்றைப் பல்கீசுக்கு எடுத்து வந்திருந்தார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கடைசிப் பக்கத்தை மட்டும் பிரித்து வாசித்தாள். மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

“இந்தத் தொடரை நீங்க எழுதணும் எழுதணும்னு கெடந்தீகளே. இதுல நீங்க எழுதுனது ஒண்ணுமே இல்லியா?”

ஹக்கீம் பக்கத்தின் அடியில் விரலை வைத்துக் காட்டினார். பல்கீஸ் அந்த ஒற்றைச் சொல்லைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து அவர் முகத்தையும் பார்த்தாள்.

“நல்லா எழுதியிருக்கீக” என்றாள்.

இருபத்தாறு வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஹக்கீம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பாயை விரித்து, பட்டப்பகலில் படுத்துக்கொண்டார். பல்கீஸ் போய்க் கதவுக்கு உள்தாழ் போட்டாள்.